சடையப்பர் ஊரில் ஒரு சடை

பால் வாங்கப் போனால் பால்காரம்மா உழக்கைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறார். பால் இறங்கக் காணோம். "இன்னாம்மா, பொண்ணு தல இப்பிடித் தேங்கா நாராட்டம் ஆயிப்போச்சி?" என்கிறார். மாவு மில்லில் மிளகாய்த்தூள் அரைத்துக்கொண்டிருக்கிறவர் மிஷினை நிறுத்திவிட்டு வந்து அதையே கேட்கிறார். ரேஷன் கடை வரிசையில் முன்பின் தெரியாத ஒரு பெரியம்மா என் மகளின் சடை நுனியை எடுத்து, கடையில் சேலைத் தலைப்பை நிமிண்டிப் பார்ப்பதுபோல் இரண்டு விரலால் நிமிண்டி, 'ம்ச்' கொட்டி, கீழே போட்டுவிட்டுத் தன் பையைத் தூக்கிக்கொண்டு நகர்கிறார். மகள் என்னைப் பார்க்கிறாள். நான் மண்ணெண்ணெய் விலைப்பலகையைப் பார்க்கிறேன்.

கம்பர் எங்கள் ஊர்ச் சடையப்ப வள்ளலை ஆயிரம் பாட்டுக்கு ஒருமுறை பாடினார் என்பார்கள். எங்கள் தெருவில் பத்துப் பேச்சுக்கு ஒருமுறை என் மகளின் சடையைப் பாடுகிறார்கள்.

நடந்தது இவ்வளவுதான். ஏழாம் வகுப்பு முடித்தவளைக் கோடை விடுமுறையில் விழுப்புரத்தில் நீச்சல் வகுப்பில் சேர்த்தேன். திருவெண்ணெய்நல்லூரில் பஸ் ஏறி, அரசூர் போய், அங்கிருந்து விழுப்புரம். தினமும் போக வர நானும் கூடவே. தையல் மிஷினுக்கு ஒரு மாதம் உறை போட்டு மூடிவிட்டேன்; கல்யாண சீசனில் ஜாக்கெட் தைக்கிறவள் இதைச் செய்தால் என்ன நஷ்டம் என்பது தைக்கிறவர்களுக்குத் தெரியும். மாதக் கடைசியில் அவளுக்கு நீச்சல் வந்துவிட்டது. குளத்தின் இந்தக் கரையில் குதித்தால் அந்தக் கரையில் எழுகிறாள். கூடவே, கருகருவென்று இடுப்புக்குத் தொங்கிய முடி செம்பட்டை பாய்ந்து, நுனி வெடித்து, சீப்பை வைத்தால் நடுவழியில் நின்றுபோகிற நிலைக்கு வந்துவிட்டது. முடியைப் பற்றிக் கேட்டவர்களை எண்ணி முடியாது. நீச்சல் வந்துவிட்டதா என்று இதுவரை ஒரு ஆள் கேட்கவில்லை. என் ஆதங்கம் முழுக்க இதுதான். மற்றதெல்லாம் அதன் கிளைக்கதை.

என் மாமியாரிடமிருந்து தொடங்குகிறேன். அவருக்கு இந்தக் கோடையில் பேத்திக்குப் பூச்சடை தைக்க வேண்டும் என்று ஆசை. வெயில் ஏற ஏற மல்லி மலிந்துவிடும் அல்லவா. மொட்டாகப் பொறுக்கி, வாழைநாரில் வரிசை வரிசையாகத் தைத்து, சடை முழுக்கப் பொருத்தி, நெற்றிச்சுட்டி வைத்து, ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் போய், பின்னால் கண்ணாடி வைத்து, முகமும் தெரிய வேண்டும், சடையும் தெரிய வேண்டும் என்று எடுக்கிற போட்டோ. எங்கள் வீட்டுக் கூடத்தில் என்னுடையது ஒன்று தொங்குகிறது. எட்டு வயது. பூவின் கனம் தாங்காமல் கழுத்தை விறைத்துக்கொண்டு, அழுகை முட்ட நிற்கிறேன். எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் "இந்தத் தொடப்பக் கட்டைக்கா பூ தெக்கிறது?" என்று அவர் கேட்டதும் மகள் எழுந்து உள்ளே போனாளே, அந்த நிமிடம் அந்த போட்டோவைக் கழற்றி எறியலாம் போலிருந்தது.

முடி ஏன் அப்படி ஆனது என்று நானாகத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. குளத்தில் யாரும் சொல்லவில்லை. பணம் கட்டும்போது ரசீது கொடுத்தார்கள், நேரம் சொன்னார்கள், "கேப் கட்டாயம்" என்றார்கள். அவ்வளவுதான்.

தோலுக்கு வெளியே தெரிகிற முடி நகத்தைப் போல உயிரில்லாத பொருள். கெரட்டின் என்கிற புரதம். அதன் மேல், ஓட்டு வீட்டுக் கூரையில் சீமை ஓடு ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதுபோல், கண்ணுக்குத் தெரியாத செதில்கள். மண்டையில் ஊறுகிற எண்ணெய்ப்பசை அந்த ஓடுகளுக்குப் பூச்சு. குளத்து நீரில் கிருமி சாக வேண்டும் என்று போடுகிற குளோரின், கிருமி வேறு எண்ணெய்ப்பசை வேறு என்று பிரித்துப் பார்ப்பதில்லை. பூச்சைக் கழுவி எடுக்கிறது, ஓட்டைக் கிளப்புகிறது, உள்ளே போய்க் கருமை தருகிற மெலனினையும் தின்கிறது. நம் குழாயில் வருகிற குடிதண்ணீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்பது கணக்கு. நீச்சல் குளத்தில் 1 முதல் 3 மில்லிகிராம் வரை வைப்பார்கள். பஞ்சாயத்து டேங்கில் பிளீச்சிங் பவுடர் கொட்டிய அன்றைக்குத் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் நாறுமே, தினமும் அப்படிப்பட்ட ஒரு தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறினால் முடி எப்படி இருக்கும்?

அதோடு நின்றதா? அங்கிருந்து வெளியே வந்தால் மே மாத வெயில். அக்னி நட்சத்திரம் நடக்கிறது. ஈரத்தலையோடு பஸ் ஸ்டாண்டில் நிழல் இல்லாத பக்கம் நிற்கிறோம், ஏனென்றால் நிழல் இருக்கிற பக்கம் எங்கள் பஸ் வராது. வெயிலில் இருக்கிற புற ஊதாக் கதிர் செய்வதும் ஏறக்குறைய குளோரின் செய்கிற அதே வேலைதான். மெலனினை வெளுக்கிறது, புரதத்தை உடைக்கிறது. காலையில் ஒருவன் தொடங்கிய திருட்டை மதியம் இன்னொருவன் வந்து முடிக்கிற மாதிரி.

எங்கள் ஊர்ப் பெயருக்கே ஒரு கதை உண்டு. அம்பாள் வெண்ணெயால் கோட்டை கட்டிக்கொண்டு, அதற்குள் ஐந்து தீக்கு நடுவில் நின்று தவம் செய்தாளாம். வெண்ணெய் உருகவில்லையாம். சின்ன வயதில் ஆச்சரியமாகக் கேட்டேன். மே மாதம் மதியம் ஒன்றரை மணிக்கு அரசூரில் பஸ்ஸுக்கு நின்ற பிறகு, அம்பாள் மேல் இருந்த மரியாதை பல மடங்கு கூடிவிட்டது. அவள் மணாளனுக்கும் குறையில்லை. கங்கை முழுவதையும் சடையில் வைத்திருக்கிறார், ஒரு முடி வெடித்ததாகச் சிற்பி யாரும் செதுக்கவில்லை. ஆற்றுத் தண்ணீர், குளோரின் கிடையாது.

ஆற்றுத் தண்ணீர் எங்களுக்கு வாய்த்தால் நான் ஏன் விழுப்புரம் போகிறேன்? என் அண்ணன்கள் எங்கள் பம்ப்செட் கிணற்றில், முதுகில் காய்ந்த சுரைக்குடுவையைக் கட்டிக்கொண்டு குதித்துக் கற்றவர்கள். எனக்கு அப்போது வேலை, கிணற்று மேட்டில் அவர்கள் சட்டைக்குக் காவல். இப்போது அந்தக் கிணற்றில் வேப்பஞ்செடி முளைத்திருக்கிறது. பெண்ணையாறு கோடையில் மணலும் முள்ளும். வந்தால் 2024 டிசம்பரில் வந்ததுபோல் வரும். ஃபெஞ்சல் புயல் மழையும் சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீரும் சேர்ந்து, அரசூர் பக்கம் தேசிய நெடுஞ்சாலையிலேயே ஆறு ஓடியது. இரண்டுக்கும் நடுவில், ஒரு பிள்ளை இறங்கிக் கைகாலை உதைத்துப் பழகுகிற மாதிரி அமைதியான தண்ணீரை நான் கண்ணால் பார்த்து ரொம்ப வருஷம் ஆகிறது.

சரி, குளத்துக்கே வருகிறேன். உள்ளே நுழைந்ததும் மூக்கில் ஏறுகிற நெடியை எல்லோரும் 'குளோரின் வாசனை' என்கிறார்கள். முதலில் நானும் நிறைய மருந்து போட்டிருக்கிறார்கள், தண்ணீர் சுத்தம் என்று திருப்திப்பட்டேன். அந்த நெடி குளோரினும் வேர்வையும் சிறுநீரும் கலந்து உண்டாகிற குளோரமைனுடையதாம். நெடி அதிகம் என்றால் அழுக்கு அதிகம். குளித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்று சுவரில் எழுதியிருந்தது. எழுத்துக்குக் கீழே ஷவர் குழாய். திருகினால் காற்று வந்தது. பொறுப்பாளரிடம் சொன்னேன். "மோட்டார் போடணும்மா" என்றார். ஒரு மாதமும் போடவில்லை. நான்தான் இரண்டு பெரிய பாட்டிலில் வீட்டுத் தண்ணீர் தூக்கிக்கொண்டு போனேன்.

அந்த இரண்டு பாட்டில் தண்ணீரும் சும்மா இல்லை. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு வாரம் ஆனது, அதற்குள் பாதிச் சேதம் முடிந்துவிட்டது. காய்ந்த முடி பஞ்சு மாதிரி. எந்தத் தண்ணீர் முதலில் கிடைக்கிறதோ அதைக் குடிக்கும். நல்ல தண்ணீரால் முதலிலேயே தலையை நன்றாக நனைத்துவிட்டால், குளத்து நீருக்கு உள்ளே இடம் குறைவு. அதற்கும் முன்னால் லேசாகத் தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும், வழியவிடாமல். எங்கள் ஆயா சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். ஆனால் 2003-இல் மும்பையில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் முடியில் வைத்துச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். முடியின் புரத இழப்பைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான்; அதிலுள்ள லாரிக் அமிலம் முடிக்குள் நுழையக்கூடியதாம். சோதித்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கிற கம்பெனி ஆட்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் என் மகள் தலையில் முதல் இரண்டு வாரமும் கடைசி இரண்டு வாரமும் எப்படி இருந்தன என்று நான் பார்த்தேன். கரையேறியதும் இரண்டாவது பாட்டில். குளோரின் முடியில் காய்ந்து உட்கார விடக் கூடாது. வீட்டுக்கு வந்து அலசிக்கொள்ளலாம் என்று பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து வந்த நாட்களை நினைத்தால் இப்போது தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

தொப்பி கதை தனி. கடையில் விற்கிற ரப்பர் தொப்பி கிராப் வெட்டிய தலைக்குச் செய்தது. எங்கள் பிள்ளைகள் சடையைச் சுருட்டி உச்சியில் வைத்தால் தொப்பி காதுக்கு மேலேயே நின்றுவிடும். இழுத்து மாட்டினால் பத்து முடியைப் பிடுங்கிக்கொண்டுதான் இறங்கும், கழற்றும்போது இன்னும் பத்து. தையல்காரி வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் கதியா என்று, ஒரு பழைய லெக்கின்ஸ் துணியை வெட்டி, பின்பக்கம் சடைக்குப் பை மாதிரி இடம் விட்டு, விளிம்பில் எலாஸ்டிக் வைத்து நானே ஒன்று தைத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. மறுநாள் குளத்தில், "இதெல்லாம் ரெகுலர் கேப் இல்லம்மா, கடையில வாங்கியாங்க" என்று திருப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து பொருமிக்கொண்டிருந்தபோதுதான் தம்பி மகன் போனில் ஒன்றைக் காட்டினான். 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்குக்கு முன்னால், சுருட்டையும் அடர்த்தியுமான கறுப்பினப் பெண்களின் முடிக்கென்றே பெரிதாகச் செய்த 'சோல் கேப்' தொப்பியை, தலையின் இயற்கையான வடிவத்துக்குப் பொருந்தவில்லை என்று உலக நீச்சல் சங்கமே அனுமதிக்க மறுத்திருக்கிறது. பெரிய கூச்சல் எழுந்து, 2022 செப்டம்பரில்தான் இறங்கி வந்தார்கள். யாருடைய தலை இயற்கை என்று யார் முடிவு செய்வது? அவர்களுக்காவது ஓர் ஆண்டுக்குப் பிறகு அனுமதி கிடைத்தது. என் லெக்கின்ஸ் தொப்பி இன்னும் டிராயரில்தான் இருக்கிறது. சொல்லப் போனால் எந்தத் தொப்பியும் தண்ணீரை முழுசாகத் தடுப்பதில்லை, உரசலையும் சிக்கையும் குறைக்கும், அவ்வளவே.

இனி வைத்தியம் சொல்லிகள். வெந்தயம் அரைத்துப் போடு என்றார் எதிர்வீட்டு அண்ணி. செம்பருத்தி இலை என்றார் அவர் ஓரகத்தி. இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லாததால் நான் இரண்டையும் போட வேண்டியிருந்தது. கரிசலாங்கண்ணி, கஞ்சித் தண்ணி, அரப்பு, சீயக்காய் எல்லாம் ஒரு சுற்று வந்தன. இவற்றில் கெடுதல் ஒன்றுமில்லை, வழவழப்பு கொஞ்சம் வரும். ஆனால் வெடித்த நுனி எதைப் பூசினாலும் ஒட்டாது. கிழிந்த துணிக்கு இஸ்திரி போட்டால் கிழிசல் சேருமா? கத்தரிதான் வழி. "நீச்சல் கொளத்து மருந்துல பேனு செத்துடும், அதுவாவது லாபம்" என்று ஒருவர் ஆறுதல் சொன்னார். அதுவும் இல்லை. தண்ணீருக்குள் பேன் முடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். நீச்சலில் என் மகளையே மிஞ்சும்.

குளத்துக்கு வந்த, கல்லூரியில் படிக்கிற ஒரு பையன், தலையின் முன்பக்கத்தை வெளுத்து மஞ்சள் அடித்திருந்தவன், இரண்டாவது வாரம் பச்சையாக வந்து நின்றான். எல்லோரும் குளோரின் குளோரின் என்று பயந்தார்கள். பச்சைக்குக் காரணம் செம்பு. பாசி பிடிக்காமல் இருக்கக் குளத்தில் மயில்துத்தம் கலப்பதுண்டு. போர்டோ கலவைக்குச் சுண்ணாம்போடு சேர்க்கிறோமே, அதே துத்தம்தான். வெளுத்த முடியில் அது ஏறி உட்கார்ந்துகொள்ளும். என் மாமனார் கேட்டுவிட்டு, "அப்ப அவன் தலைக்கு இந்த வருஷம் பூஞ்சாணம் வராது" என்றார். ஒரு மாதத்தில் வீட்டில் எல்லோரும் சேர்ந்து சிரித்தது அன்று மட்டும்தான்.

ஷாம்பு பற்றிப் பேசாமல் விட முடியாது. கடைக்காரர் சொன்னதைக் கேட்டு அறுநூறு ரூபாய்க்கு ஒரு பாட்டில் வாங்கினேன். "டேமேஜ் ரிப்பேர்" என்று தமிழில் எழுதியிருந்தது. செத்த பொருளை எப்படி ரிப்பேர் செய்வது என்று எழுதவில்லை. இங்கே பக்கத்துக் கடலூரில்தான் சின்னி கிருஷ்ணன் என்பவர், ஏழை வீட்டுக்கும் எட்ட வேண்டும் என்று பாக்கெட் முறையைக் கொண்டுவந்தார். அவர் மகன் ரங்கநாதன் 1983-இல் சிக் ஷாம்பு தொடங்கி, பின்னாளில் எட்டணாவுக்குக்கூட விற்றார். எட்டணா பாக்கெட் பிறந்த மண்ணில் நின்றுகொண்டு நான் அறுநூறு ரூபாய் கொடுத்தேன் என்பதை வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை. இருநூறு என்று சொல்லியிருக்கிறேன்.

வெயிலுக்கு மட்டும் எந்தக் கடைக்கும் போக வேண்டியிருக்கவில்லை. நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள், பெரியசெவலை ஆலைக்குக் கரும்பு வெட்டுகிறவர்கள், எல்லோரும் தலையில் ஒரு துண்டைப் போட்டு, அதன் முனையைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டுதான் வெயிலில் இறங்குகிறார்கள். பருத்தித் துண்டு, எண்பது ரூபாய். மகள் முதலில் கூச்சப்பட்டாள். பிறகு துப்பட்டாவை அதே மாதிரி கட்டிக்கொண்டாள். ஒரே ஒரு எச்சரிக்கை, ஈரத்தலையை இறுக்கி மூடினால் புழுங்கி அரிக்கும். துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு, தளர்வாகப் போட வேண்டும். தேய்க்கக் கூடாது, ஈர முடி சீக்கிரம் அறும்.

கடைசியாக மாமியார் ஒரு முடிவோடு வந்தார். "மேல்மலையனூர் போயி மொட்ட அடிச்சிடலாம். அங்காளம்மா பாத்துக்குவா. மொட்ட அடிச்சா அடர்த்தியா வரும்." அத்தை, மழித்தால் வேர் மாறுமா, வேர் எப்படியோ அப்படித்தானே வரும், மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் போலத்தான் வளரும், இடுப்புக்கு வர ஏழெட்டு வருஷம் ஆகும் என்றேன். "அப்ப நீச்சல நிறுத்து. பொட்டப் புள்ளைக்கு எதுக்கு நீச்சலு? கப்பலா ஓட்டப் போறா?"

அதற்கு நான் சத்தம் போடவில்லை. 2022 ஜூன் 5-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, நெல்லிக்குப்பம் பக்கம் கெடிலம் ஆற்றில் தடுப்பணை ஓரம் குளிக்கப் போய் மூழ்கிப்போன ஏழு பேரை நினைவிருக்கிறதா அத்தை என்று மட்டும் கேட்டேன். ஏழு பேரும் சிறுமிகளும் இளம்பெண்களும். தடுப்பணைத் தண்ணீர் மேலே பார்க்கச் சாதுவாக இருக்கும், மண் அள்ளிய பள்ளம் கீழே எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஒருத்தி அமிழ, காப்பாற்ற அடுத்தவள், அவளைப் பிடிக்க அடுத்தவள். அன்று ராத்திரி டிவி முன்னால் உட்கார்ந்து மாமியார்தான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "ஒண்ணுக்காவது நீச்சத் தெரியலியே" என்று அவர்தான் சொன்னார். நான் அதை ஞாபகப்படுத்தவில்லை. அவர் எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார்.

போன வாரம் மகளுக்கு நுனியில் ஒரு சாண் வெட்டிவிட்டேன். ஒரு மாதமாகச் சீப்பில் வந்ததையும் சேர்த்து மஞ்சள் பையில் போட்டுக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்தேன். முடி வாங்குகிறவர் வண்டியில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு தெருவுக்குள் வந்தார். மாமியார்தான் பையோடு போனார். முடிக்கு அந்த ஆள் பாத்திரம் தருவார், அதில் பேரம் பேசுவது அவருடைய இலாகா. நான் ஜன்னலோரம் மிஷினில் இருந்தேன்.

அந்த ஆள் முடியை உதறி வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். "ஆயா, இது செம்பட்ட. வெல போவாது. சின்ன டப்பாதான் வரும்" என்றார்.

"செம்பட்டயா? யோவ், நல்லா பாரு. நீச்சலடிக்கிற புள்ள முடிய்யா அது. விழுப்புரம் போயி கத்துக்கினு வந்துக்கீது. இந்தக் கரையில குதிச்சா அந்தக் கரையில எழுந்திரிக்கும். தெரியுமா உனக்கு? மூடி போட்ட டப்பாவா எடு."